பேசத் தெரிந்தவரே மனத்தில் நிற்பவர்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியிலும் என் அணியிலும் அமர்ந்திருக்கும் நண்பர்களே, பேரன் பேத்திகளோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, காரைக்குடிப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவூட்டிவிட்டுத் தொடங்குகிறேன். சாகச வீடியோ கேம்களில் நம் மனத்தில் நிற்கும் நாயகர் யார்? தனக்கென்று ஒரு பேச்சும் ஒரு கதையும் உள்ளவரா, இல்லை வாயே திறக்காமல் நமக்கு இடம்விட்டு நிற்பவரா? பேசுகிறவரே என்று வாதாட வந்திருக்கிறேன். மேடைக்காக எடுத்துக்கொண்ட கட்சி இல்லை இது. சின்ன வயதிலிருந்து நான் நம்பிவரும் கட்சி.

எதிரணித் தங்கை அழகாகப் பேசினார். "பேசாத நாயகர் ஒரு காலி வீடு. நான் போய்க் குடியேறுகிறேன். அங்கே நடப்பதும் குதிப்பதும் நான்தான். அதனால்தான் அவர் எனக்குப் பிடித்தவர்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஆனால் அம்மா, காலி வீட்டைப் பற்றி எந்த ஊரில் வந்து சொல்கிறீர்கள்? ஆத்தங்குடிக் கல் பதித்து, பர்மாத் தேக்குத் தூண் நிறுத்தி, தெருவுக்குத் தெரு பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெளியூர்க்காரர் வந்து வியக்கிறார், படம் எடுக்கிறார், போய்விடுகிறார். யார்மீதும் அவருக்குப் பாசம் பிறப்பதில்லை. உள்ளே இருந்து ஒரு ஆச்சி "யாரப்பா அது?" என்று கேட்டால்தான் அங்கே ஓர் உறவு தொடங்குகிறது.

நம் தலைப்பும் அதுதான். வியப்பு வேறு, பிடித்தம் வேறு. பிடித்தம் என்றால் எதிரே இன்னொருவர் இருக்க வேண்டும்.

1993இல் வந்த மிஸ்ட் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத தீவு, விசித்திர இயந்திரங்கள், புத்தகங்களுக்குள் அடைபட்ட இரண்டு சகோதரர்கள். அந்தக் காலத்தில் அதை விளையாடியவர்களிடம் பேசிப் பாருங்கள். தீவைப் பற்றிச் சொல்வார்கள். சகோதரர்களில் யாரை நம்பினோம் என்று சொல்வார்கள். நாயகரைப் பற்றிக் கேட்டால் ஒரு சொல்லும் வராது. அவருக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. ஜர்னி, 2012. பாலைவனம், சிவப்பு அங்கி, தூரத்தில் ஒளிவிடும் மலை. பேச்சே இல்லாத அந்த விளையாட்டு மிக அழகானது, எனக்கும் உயிர். ஆனால் எனக்குப் பிடித்தது அந்தப் பயணமும், வழியில் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொள்ளும் முகம் தெரியாத துணையும். அங்கி போட்டவரைப் பற்றித் தனியாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அடுத்து, எதிரணியின் பெரிய ஆயுதம்: லிங்க். 1986இல் தொடங்கிய செல்டா வரிசையின் நாயகர், பச்சை உடை, வாள், கேடயம். பேசவே மாட்டார். பல விளையாட்டுகளில் அவருக்கு நம் பெயரையே வைக்கலாம். அதைத்தான் எதிரணித் தம்பி பெருமையாகச் சொன்னார். சரி, 2017க்கு வருவோம். அந்த ஆண்டு வந்த செல்டா விளையாட்டான ப்ரெத் ஆஃப் தி வைல்டில் பெயர் மாற்றவே முடியாது. அவர் லிங்க்தான். இன்னும் ஒன்று இருக்கிறது. அதில் வரும் கோட்டைக்குள் இளவரசி செல்டாவின் நாட்குறிப்பு கிடைக்கும். நீ ஏன் பேசுவதே இல்லை என்று அவள் அவனிடம் கேட்டிருக்கிறாள், அவனும் பதில் சொல்லியிருக்கிறான். அத்தனை பேர் கண்ணும் தன்மேல் இருக்கும்போது உறுதியாக நிற்க வேண்டும், பாரத்தை வாய் திறக்காமல் சுமக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். அதை அவள் எழுதி வைத்திருக்கிறாள்.

நடுவர் ஐயா, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகள் ஊமையாக வைத்திருந்த நாயகருக்கு, படைத்தவர்களே வந்து ஒரு காரணம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபிறகுதான் எனக்கு லிங்க்கைப் பிடித்தது. அதுவரை அவன் கையில் இருந்த வாளைத்தான் பிடித்திருந்தது.

'இக்கோ' விளையாட்டின் நாயகன் இக்கோவையும் அவர்கள் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு நான் இடம் தரமாட்டேன். 2001இல் வந்த அந்த விளையாட்டில், தலையில் கொம்போடு பிறந்த ஒரு சிறுவனை அபசகுனம் என்று சொல்லி ஊரார் பாழடைந்த கோட்டையில் கொண்டுபோய் அடைக்கிறார்கள். அங்கே யோர்டா என்ற பெண்ணைச் சந்திக்கிறான். அவள் கையைப் பிடித்துக்கொண்டே வெளியே கூட்டிவர வேண்டும். பட்டனை விட்டால் கை விட்டுப்போகும். இதில் பேச்சு எங்கே என்கிறார்கள். இருக்கிறது! இக்கோ பேசுகிறான், அவளைக் கூவி அழைக்கிறான், அவனுக்குச் சப்டைட்டிலும் வருகிறது. அவள் பேசுவதுதான் முதல்முறை விளையாடும்போது புரியாத குறிகளாக வருகிறது. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமலே இருவரும் பேசிக்கொண்டு போகிறார்கள். பேசாமல் இருந்திருந்தால் அந்தக் கைப்பிடிக்கு என்ன அர்த்தம்? இக்கோ எங்கள் அணி.

டூம் ரைடர் விளையாட்டின் நாயகி லாரா கிராஃப்டை ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்கிறேன். "1996 லாராவை நாங்கள் குதித்துக் குதித்துத்தான் நேசித்தோம், பேசியா நேசித்தோம்?" என்று கேட்டார்கள். அந்த முதல் விளையாட்டில் அவர் வீட்டில் பயிற்சிப் பகுதி ஒன்று உண்டு. எப்படி ஓட வேண்டும், எப்படிக் குதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது யார் குரல்? லாராவின் குரல்தான். அந்தக் குதிப்பையே அவர் பேசித்தான் கற்றுக்கொண்டீர்கள்.

இப்போது எங்கள் பக்கத்து ஆளைக் கூப்பிடுகிறேன். கைப்ரஷ் த்ரீப்வுட்! 1990இல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' விளையாட்டின் நாயகன். ஒல்லியான பையன், கடற்கொள்ளையன் ஆக வேண்டும் என்ற ஒரே ஆசையோடு ஒரு தீவில் வந்து இறங்குகிறான். மூன்று சோதனைகள்: வாள்சண்டை, திருட்டு, புதையல் தேடல். வாள்சண்டை எப்படி நடக்கிறது தெரியுமா? வாளால் ஒருவரும் ஜெயிப்பதில்லை. எதிரி ஓர் ஏச்சு ஏசுவான். அதற்குச் சரியான பதிலடி தெரிந்தால் நீங்கள் ஓரடி முன்னேறுவீர்கள். தெரியாவிட்டால் பின்வாங்க வேண்டும். ஆக, தோற்றுத் தோற்று, எதிரி சொன்னதையெல்லாம் மனத்தில் வாங்கி, அடுத்தவனிடம் போய் எடுத்துவிட வேண்டும். கடைசியில் வாள் ஆசிரியை ஒருவரை எதிர்கொள்ள வேண்டும். அவர் ஏசுவதெல்லாம் புதிது. ஆனால் கைப்ரஷ் சேர்த்து வைத்த பழைய பதில்களே, இடம் பார்த்துப் பொருத்தினால், அவற்றுக்கும் பொருந்தும்! ஐயா, இது நம் மேடைக்கலை அல்லவா? எதிர்க்கட்சி சொன்னதைக் காதில் வாங்கி, அதே சொல்லை அவர்கள் பக்கமே திருப்பிவிடுவது. சொல்வன்மையை வீரம் என்று ஒப்புக்கொண்ட ஒரு வீடியோ கேம் 1990லேயே வந்துவிட்டது.

ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். பேசுவது என்றால் ஒலிப்பதிவு என்று நினைக்க வேண்டாம். கைப்ரஷ்ஷுக்குக் குரல் கிடைத்தது 1997இல், மூன்றாவது விளையாட்டில். அதற்கு முன்பே திரையில் எழுத்தாக அவன் பேசிய பேச்சு மக்கள் மனத்தில் ஏறிவிட்டது. அதே வழியில் வந்தவர்தான் கிரிம் ஃபாண்டாங்கோவின் மேனி கலவேரா, 1998. செத்தவர்களின் உலகத்தில் பயண முகவர் வேலை பார்க்கும் எலும்புக்கூடு அவர். எந்தப் பொருளைக் காட்டினாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். நாற்காலி, விளக்கு, கதவு, எதையும் விடமாட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த உலகத்தையே அவர் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். உலகத்தை எனக்குக் காட்டித்தரும் ஒருவர் எனக்கு வேண்டும். அதற்கு அவருக்கென்று ஒரு பார்வை வேண்டும்.

இந்த ஊருக்கு இது புதிதில்லை. 1939இல் கம்பன் கழகம் தோன்றிய ஊர் இது. கும்பகருணனா வீடணனா என்ற வழக்கைக் கேட்டு வளர்ந்த காதுகள் உங்கள் காதுகள். கும்பகருணன் அண்ணனிடம் நீ செய்தது தவறு என்று சொல்கிறான். சொல்லிவிட்டு அந்த அண்ணனுக்காகவே போருக்குப் போகிறான். போர்க்களத்தில் தம்பி வந்து அழைத்தும் வர மறுக்கிறான். அவன் வாயைத் திறந்ததால்தானே நாம் அவனுக்காக இன்றும் வாதாடுகிறோம்? வெறும் உடல் பெருத்த அரக்கனாக மட்டும் அவன் வந்து மாண்டிருந்தால் எந்த மேடை அவனைக் கூப்பிட்டிருக்கும்?

"அது கேட்பது, இது விளையாடுவது, விளையாட்டில் முடிவெடுப்பவன் நான் அல்லவா?" என்று எதிரணி கேட்கும். நல்ல கேள்வி. இதற்குப் பதில்தான் என் கட்சியின் உயிர்.

2012இல் வந்த 'தி வாக்கிங் டெட்' விளையாட்டின் நாயகர் லீ எவரெட். வரலாறு கற்பித்த பேராசிரியர். கொலைக்குற்றம் உறுதியாகிப் போலீஸ் வண்டியில் சிறைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது கதை தொடங்குகிறது. நாடே நாசமாகிக் கிடக்க, கிளெமென்டைன் என்ற எட்டு வயதுச் சிறுமி அவர் கையில் வந்து சேர்கிறாள். அவள் கேட்கிற கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் குறைந்துகொண்டே போகும். பல இடங்களில் நான்காவதாக ஒரு வழியும் இருக்கும்: மௌனம். தன் குற்றத்தை அந்தக் குழந்தையிடம் சொல்வதா, மறைப்பதா? நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் அவள் அதை நினைவில் வைத்துக்கொள்வாள் என்று திரை சொல்லிவிடும்.

யோசித்துப் பாருங்கள். லிங்க் பேசாமல் நிற்பதை யாரும் கவனிப்பதில்லை, அது அவர் வழக்கம். லீ பேசாமல் நின்றால் ஒரு குழந்தையின் முகம் மாறுகிறது. பேசக்கூடியவன் பேசாதிருக்கும்போதுதான் மௌனத்துக்குக் கனம் வருகிறது. ஆக எதிரணி கொண்டாடும் மௌனமும் எங்கள் நாயகர் கையில்தான் பொருள் பெறுகிறது. அப்புறம், முடிவெடுப்பவன் நான் என்றீர்களே, ஆமாம், நான்தான். ஆனால் எனக்காக எடுக்கவில்லை. தனக்கென்று ஒரு பழியும் ஒரு பயமும் உள்ள இன்னொரு மனிதருக்காக எடுக்கிறேன். அவர் பெயரைக் காப்பாற்ற வேண்டுமே என்று கை நடுங்குகிறது. நான்தான் அவர் என்றால் இந்த நடுக்கம் வராது. லீயின் கதை எப்படி முடிகிறது என்று சொல்லி, இங்கே விளையாடாதவர்களுக்குக் கெடுக்க மாட்டேன். கடைசிக் காட்சியில் பேச்சுதான் எல்லாம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆச்சிமார்களே, இத்தனை நேரம் கடற்கொள்ளையன், எலும்புக்கூடு என்று பொறுமையாகக் கேட்டீர்கள். கடைசியாக நம் வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்திருக்கிறேன். அவள் பெயர் வெண்பா. கனடாவின் டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட விளையாட்டுக்கும் அதே பெயர். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா கலை அமைப்பு, முதல் படைப்புக்கான விருதை அதற்குக் கொடுத்தது. வாள் இல்லை, புதையல் இல்லை. கதை 1988இல் தொடங்குகிறது. கணவன் பாவலனோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்ப்பெண், தன் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டோடு அடுப்படியில் நிற்கிறாள். நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. இட்லிக்கு எப்படி, புட்டுக்கு எதற்குப் பின் எது என்று விட்டுப்போனதை நாம் யோசித்து நிரப்ப வேண்டும்.

இதில் சாகசம் எங்கே என்று எதிரணி கேட்கலாம். அந்தக் கேள்வியை முன்வரிசையைப் பார்த்துக் கேளுங்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வணிகம் செய்ய, எங்கள் பேச்சில் கொண்டுவிக்க, போனவர்களின் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. கவுனி அரிசி இந்த ஊர்ப் பந்திக்குக் கடல் தாண்டி வந்தது. ஊர்விட்டு ஊர் போய், பாஷை தெரியாத இடத்தில் ஒரு குடும்பத்தை நிறுத்துவது சாகசமா இல்லையா என்பதை இந்த ஆச்சிமார்களே சொல்லட்டும்.

வெண்பாவின் மகன் கவின் தமிழை விட்டு விலகி வளர்கிறான். அம்மா பேச, மகன் வேறு மொழியில் பதில் சொல்ல, நடுவே விளையாடுகிற நாம் உட்கார்ந்திருக்கிறோம். பிறகு ஒரு கட்டத்தில் விளையாட்டு நம்மைக் கவினாகவே ஆக்கிவிடுகிறது. அம்மாவின் நோட்டை அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான், சில சொற்கள் பிடிபடவில்லை. அத்தனை நேரம் நமக்குச் சரளமாகக் கேட்ட வெண்பாவின் சொல் அவனுக்கு எட்டாமல் போகும்போது நெஞ்சு அடைக்கிறது. வெண்பா பேசாத நாயகியாக இருந்திருந்தால் அவன் எதை இழந்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மணி அடித்துவிட்டது. தீர்ப்பை நடுவர் ஐயாவிடம் ஒப்படைத்து அமர்கிறேன். நன்றி, வணக்கம்.