ஈறு வீங்கினால் வீட்டில் என்ன செய்யலாம்?

வணக்கம் நேயர்களே. ஈறு வீங்கி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அந்தப் பக்கம் பல் தேய்க்கிறீர்களா?" என்பதுதான். "இல்லைங்க டாக்டர், பிரஷ் பட்டாலே ரத்தம் வருது, அதான் விட்டுட்டேன்" என்று பலரும் சொல்கிறார்கள். வலிக்கிற இடத்தைத் தொடப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஈறு விஷயத்தில் அந்தப் பயமே நோயை வளர்த்துவிடுகிறது.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மாவு போல வெள்ளையாக ஏதோ வரும். அது சாப்பாட்டு மிச்சம் மட்டும் அல்ல, பெரும்பாலும் கிருமிகள். அவற்றை எதிர்த்துத்தான் ஈறு சிவந்து வீங்குகிறது. தேய்க்காமல் விட்டால், எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து சில நாட்களில் காரையாக இறுகிவிடும். அப்புறம் எந்த பிரஷாலும் அதை எடுக்க முடியாது.

அதனால் ரத்தம் வந்தாலும் தேயுங்கள். மென்மையான பிரஷை ஈறின் விளிம்பு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவாகத் தேயுங்கள். முதல் சில நாட்கள் ரத்தம் கசியும். விடாமல் செய்தால், ஒன்றிரண்டு வாரத்தில் அது குறைவது உங்களுக்கே தெரியும். கரித்தூள், செங்கல் பொடி எதுவும் வேண்டாம், ஈறு புண்ணாகும்.

கூடவே உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, வலிக்கும் பக்கம் தலையைச் சாய்த்து, அரை நிமிடம் வாயில் வைத்திருந்து துப்புங்கள். சாப்பிட்ட பிறகு செய்தால் நல்லது, நாளைக்கு மூன்று நான்கு முறை போதும். பிரஷர் உள்ளவர்களும் செய்யலாம், விழுங்காமல் இருந்தால் சரி. இது வீக்கத்தையும் வலியையும் தணிக்குமே தவிர, காரையைக் கரைக்காது.

கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் ஊற்றாதீர்கள், வெந்துவிடும். வலி மாத்திரையைப் பல்லிடுக்கில் அடக்கி வைக்கும் பழக்கமும் அப்படித்தான். அந்த இடம் வெளுத்துப் புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கன்னம் வீங்கியிருந்தால் உப்பை வறுத்துச் சூடாக ஒத்தடம் கொடுக்க வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். மெடிக்கல் கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள்.

ஒரு வாரம் இப்படிச் செய்தும் குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் வாருங்கள். சீழ் வந்தாலோ, பல் ஆடினாலோ அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். பதினேழு, பதினெட்டு வயதுக்கு மேல் கடைசிப் பல் முளைக்கும் இடத்தில் ஈறு வீங்கி வாய் திறக்க முடியாமல் போனாலும் அப்படியே. காய்ச்சலோடு முகம் வீங்கினால் அன்றைக்கே வர வேண்டும். தாடைக்கு அடியில் கெட்டியாக வீங்கி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். அந்த வீக்கம் மூச்சுப் பாதையை அடைத்து உயிரையே பறிக்கக்கூடியது.

சர்க்கரை நோய், கர்ப்பம், வலிப்புக்கு ஃபெனிடாயின், பிரஷருக்கு அம்லோடிபின், இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இவை ஒவ்வொன்றும் ஈறை வீங்க வைக்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகவே வரும். உள்ளே நோய் முற்றுவது தெரியாது என்பதால், அவர்கள் ரத்தம் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

கடைசியாக, "கிளீன் பண்ணினால் பல் ஆடிவிடும்" என்று பயந்து வராமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல காலமாகப் படிந்த காரை பல்லிடுக்கை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் இடைவெளி தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். பல் அதற்கு முன்பே பிடிப்பை இழந்திருந்தால் அந்த ஆட்டமும் அப்போதுதான் தெரியவரும். அது கிளீன் செய்ததால் வந்தது அல்ல, காரைக்கு அடியில் எலும்பு கரைந்ததால் வந்தது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது, காலையில் போய்ப் புறநோயாளி சீட்டு வாங்கிக்கொண்டு காட்டலாம்.