புரூட்டஸ் ஏன் தோற்கிறார்? ‘ஜூலியஸ் சீஸர்’ வசனங்களைக் கேட்கும் விதம்

(திரையில்: ரோம் நகரச் சதுக்கம், கூட்டத்தின் இரைச்சல்)

வணக்கம். ஷேக்ஸ்பியர் 1599 வாக்கில் எழுதிய இந்த நாடகத்துக்குப் பெயர்தான் ‘ஜூலியஸ் சீஸர்’. ஐந்து அங்கங்களில், மூன்றாவது அங்கத்தின் முதல் காட்சியிலேயே ரோமின் தலைவர் சீஸர் சதிகாரர்கள் கையால் செத்துவிடுகிறார். நாடகத்தில் அதிகம் பேசுபவர், சீஸரின் நண்பராக இருந்தும் சதியில் சேரும் புரூட்டஸ். உள்ளுக்குள் உடைந்துபோகிறவரும் அவர்தான்.

பரீட்சைக்காக இதன் வசனங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறோம். அப்படிப் படித்தால் பாதி போய்விடுகிறது. இங்கே பெரும்பாலான புகழ்பெற்ற வரிகள் எதிரே நிற்பவரை மசிய வைக்கப் பேசப்பட்டவை. யார் யாரிடம் பேசுகிறார், அவருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள்.

‘குற்றம் நம் கிரகங்களில் இல்லை, அடங்கிக் கிடக்கும் நம்மிடம்தான்’ என்கிறார், சீஸரைக் கொல்லச் சதிக்கு ஆள் சேர்க்கும் காசியஸ். கேட்பவர் புரூட்டஸ். நல்ல பெயர் உள்ள ஒருவர் சேர்ந்தால்தான் சதிக்கு மரியாதை கிடைக்கும் என்று காசியஸுக்குத் தெரியும். அதனால், ஊர்மக்கள் எழுதியது போலப் பொய்க் கடிதங்களையும் புரூட்டஸின் வீட்டில் போட ஏற்பாடு செய்கிறார்.

‘கோழைகள் சாவதற்கு முன்பே பலமுறை சாகிறார்கள்.’ இது சீஸர், இன்று செனட்டுக்கு, அதாவது ரோமின் ஆட்சி மன்றத்துக்கு, போகாதீர்கள் என்று கெஞ்சும் மனைவி கல்பூர்னியாவிடம் சொல்வது. சொன்ன சற்று நேரத்திலேயே ‘சரி, போகவில்லை’ என்கிறார். பிறகு சதிகாரர்களில் ஒருவரான டீசியஸ் வந்து, செனட் இன்று மகுடம் தரப்போகிறது என்றதும் கிளம்பிவிடுகிறார். ஆனாலும் அந்த வரிக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் ரகசியமாகக் கைமாறிய ஷேக்ஸ்பியர் தொகுப்பில், நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று கையெழுத்திட்டது இந்த இடத்தில்தான்.

(திரையில்: செனட், சீஸர் சரிகிறார்)

‘நீயுமா புரூட்டஸ்?’ தமிழிலும் பழகிப்போன கேள்வி. அடுத்து வருவதைக் கவனியுங்கள்: ‘அப்படியானால் வீழ்ந்துபோ, சீஸர்!’ புரூட்டஸின் கையிலும் கத்தி என்று கண்ட பிறகு அவருக்குப் போராட மனமில்லை.

இனி இறுதிச்சடங்கு. நாடகத்தின் உயிர் இங்கேதான்.

சீஸரின் நெருங்கிய நண்பர் ஆண்டனியையும் கொல்லச் சொன்னார் காசியஸ். புரூட்டஸ் மறுத்தார், இறுதிச்சடங்கில் ஆண்டனி பேசவும் அனுமதித்தார். தான் நியாயத்துக்குக் கட்டுப்படுவதுபோல ஊரும் கட்டுப்படும் என்று நம்பினார். ‘சீஸரை நான் குறைவாக நேசிக்கவில்லை, ரோமை அதிகமாக நேசித்தேன்’ என்று உரைநடையில் காரணம் சொல்கிறார். கூட்டத்தில் ஒருவன் கத்துகிறான்: ‘இவரையே சீஸர் ஆக்குங்கள்!’ எதை ஒழிக்கக் கொன்றாரோ அதையே பரிசாகத் தருகிறார்கள். எனக்கு நாடகத்திலேயே மிகவும் வலிக்கிற இடம் இது.

ஆண்டனி கவிதையில் பேசுகிறார். ‘புரூட்டஸ் கண்ணியமானவர்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் பாராட்டை வசையாகத் திருப்புகிறார். பிறகு சீஸரின் கிழிந்த அங்கியை விரிக்கிறார். இது காசியஸின் கத்தி, இது காஸ்காவின் கத்தி, இது புரூட்டஸ் குத்தியது என்று ஒவ்வொரு கிழிசலாகக் காட்டுகிறார். ஆனால் கொலை நடந்தபோது ஆண்டனி அங்கே இல்லை! சதிகாரர் டிரெபோனியஸ் அவரை வெளியே அழைத்துப் போயிருந்தார். எந்தக் குத்து யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் சீஸரின் உயில்: ஊர்மக்கள் ஆளுக்கு 75 டிராக்மா (வெள்ளிக்காசு). ஊர் பற்றி எரிகிறது. சின்னா என்ற கவிஞரை, சதிகாரர் ஒருவரின் பெயர் அவருக்கும் இருந்த குற்றத்துக்காக அடித்துக் கொல்கிறார்கள்.

அடுத்த அங்கத்தின் தொடக்கத்திலேயே, அந்த உயிலில் எதை வெட்டிச் செலவைக் குறைக்கலாம் என்று ஆண்டனி ஆலோசிக்கிறார். தன் சகோதரி மகனைச் சாவுப் பட்டியலில் சேர்க்கவும் சம்மதிக்கிறார். பலர் படிக்காமல் தாண்டிவிடும் சின்னக் காட்சி அது. அதைப் படித்துவிட்டு மேடைப்பேச்சுக்குத் திரும்புங்கள். கண்ணீர் வேறு மாதிரி தெரியும்.

பிறகு ஆண்டனி தரப்போடு நடந்த பிலிப்பிப் போரில் தோற்று, புரூட்டஸ் தன் வாளிலேயே விழுந்து மாள்கிறார். உடலருகே ஆண்டனி சொல்கிறார்: ‘இவர்கள் எல்லோரிலும் உயர்ந்த ரோமர் இவரே.’ மற்றவர்கள் பொறாமையால் கொன்றார்கள், இவர் மட்டும் பொதுநன்மையை எண்ணிச் சேர்ந்தார் என்கிறார். போர் முடிந்துவிட்டது, தூண்டிவிட வேண்டிய கூட்டமும் இல்லை. இந்த ஒரு பாராட்டை நான் அப்படியே நம்புகிறேன்.