தீர்ப்பு மேடையில் ஆறு குடிமக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் கொலை வழக்கு நடக்கிற மாவட்ட நீதிமன்றம் ஒன்றுக்குள் போனால், முதலில் கண்ணில் படுவது மேடை. வில்லைப் போல லேசாக வளைந்த நீண்ட மேடை அது. நடுவே கறுப்பு அங்கி அணிந்த மூன்று நீதிபதிகள். அவர்களுக்கு இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர். இவர்களுக்கு அங்கி கிடையாது, வீட்டிலிருந்து உடுத்தி வந்த சாதாரண உடைதான். ஒருவர் கடை வைத்திருப்பார், ஒருவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பார், ஒருவர் இல்லத்தரசியாக இருப்பார். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கலில் வந்தவர்கள். இவர்களைச் சைபன்-இன் என்பார்கள். ஜப்பானியச் சட்டத்தையும் சமூகத்தையும் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கை எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், இந்த மேடையிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். அரசுக்கும் குடிமகனுக்கும் உள்ள உறவு அங்கே கண்ணெதிரே தெரியும்.

ஜூரி முறையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜூரியில் குடிமக்கள் தனி அறையில் கூடி, குற்றவாளியா இல்லையா என்று மட்டும் சொல்வார்கள்; தண்டனை பொதுவாக நீதிபதியின் பொறுப்பு. சைபன்-இன் முறையில் ஒன்பது பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, குற்றம் உண்டா என்பதையும் எத்தனை ஆண்டு என்பதையும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள். சட்டத்துக்கு விளக்கம் சொல்வது மட்டும் நீதிபதிகளின் தனி உரிமை.

ஜப்பானில் ஜூரியும் ஒருகாலத்தில் இருந்தது. 1928-இல் தொடங்கி 1943-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 484 வழக்குகளோடு அது ஓய்ந்துபோனதற்கு ஒரு முக்கியக் காரணம், ஜூரியின் பதில் பிடிக்காவிட்டால் நீதிபதி அதைத் தள்ளிவிட்டு வேறொரு ஜூரியைக் கூட்ட முடிந்ததுதான். சொன்னது நிற்காது என்றால் யார் அதை நம்பி வருவார்கள்? புதிய சட்டத்தை 2004-இல் இயற்றியபோது இந்தப் பாடம் மறக்கப்படவில்லை. ஐந்து ஆண்டுகள் ஒத்திகை விசாரணைகள் நடத்திப் பார்த்து, 2009 மே 21 அன்று சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முதல் விசாரணை அந்த ஆகஸ்டில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கியது.

எல்லா வழக்குக்கும் சைபன்-இன் கிடையாது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்கள், வேண்டுமென்றே செய்த குற்றத்தால் உயிர் போன வழக்குகள் ஆகியவற்றுக்கு மட்டும்தான். கொலை, கொள்ளையில் காயம், வீட்டுக்குத் தீ வைத்தல், லாபத்துக்காகப் போதைப்பொருளைக் கடத்தி வருதல் எல்லாம் இதில் அடங்கும்.

ஒருவர் எப்படி அந்த நாற்காலிக்கு வந்து சேருகிறார்? நவம்பர் வாக்கில் நீதிமன்றத்திலிருந்து ஓர் உறை வரும். அடுத்த ஆண்டுக்கான பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது என்ற அறிவிப்பும் ஒரு கேள்வித்தாளும் அதில் இருக்கும். எழுபது வயதைத் தாண்டியவர், மாணவர், உடல்நலம் குன்றியவர், வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர் விலக்குக் கேட்கலாம். வழக்கறிஞர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் போன்றோர் சேரவே முடியாது. பிறகு குறிப்பிட்ட வழக்குக்கு அழைப்பாணை வரும். காரணமில்லாமல் வராவிட்டால் ஒரு லட்சம் யென் வரை கட்ட வேண்டியிருக்கும். தேர்வு நாளில் தலைமை நீதிபதி கேள்விகள் கேட்பார். அரசுத் தரப்பும், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பும் காரணம் சொல்லாமலே தலா நான்கு பேர் வரை வேண்டாமென்று ஒதுக்கலாம். எஞ்சியவர்களில் குலுக்கல். நாள் படி அதிகபட்சம் சுமார் பத்தாயிரம் யென். நீதிமன்றத்தில் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. முதலாம் எண், இரண்டாம் எண் என்றுதான்.

இனி வாக்கெடுப்பு. சட்டம் மிக நுட்பமாகப் பின்னப்பட்டிருப்பது இங்கேதான். பெரும்பான்மை போதும், ஆனால் அந்தப் பெரும்பான்மைக்குள் நீதிபதி ஒருவராவது, குடிமகன் ஒருவராவது இருந்தாக வேண்டும். குடிமக்களில் ஐந்து பேர் குற்றவாளி என்கிறார்கள், மூன்று நீதிபதிகளும் மிச்சமிருக்கிற ஒரு குடிமகனும் இல்லை என்கிறார்கள் என்றால், விடுதலை. மூன்று நீதிபதிகளும் குற்றவாளி என்று சொல்லி, குடிமக்களில் ஒருவர்தான் அவர்களோடு சேர்ந்தார் என்றால், நான்குதான் ஆகிறது, அப்போதும் விடுதலை.

தண்டனைக் காலத்தில் கருத்து சிதறினால் அதற்கும் கணக்கு உண்டு. மூன்று பேர் பத்து ஆண்டு, இரண்டு பேர் எட்டு, நான்கு பேர் ஆறு என்று வைத்துக்கொள்வோம். எதற்கும் ஐந்து வாக்கு இல்லை. கடுமையான பக்கத்திலிருந்து கூட்டத் தொடங்குவார்கள். பத்து கேட்ட மூவரை எட்டு கேட்ட இருவரோடு சேர்த்தால் ஐந்து. அந்த ஐவரில் நீதிபதி ஒருவரும் குடிமகன் ஒருவரும் இருந்தால், தண்டனை எட்டு ஆண்டு. மரண தண்டனைக்கும் இதே பெரும்பான்மை விதிதான். ஒருமித்த முடிவு தேவையில்லை. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான். சைபன்-இன் அமர்ந்த நீதிமன்றம் முதன்முதலாக மரண தண்டனை விதித்தது 2010 நவம்பரில், யோகோஹாமாவில். தீர்ப்பை வாசித்த தலைமை நீதிபதியே, மேல்முறையீடு செய்யுங்கள் என்று எதிரிக்கு அறிவுரை சொன்னார்.

ஆறு பேர் வந்து உட்கார்ந்ததால் என்ன மாறியது? விசாரணையின் முறையே மாறியது. அதற்கு முன் ஜப்பானியக் குற்றவியல் நீதிமன்றம் பெரும்பாலும் காகிதத்தில் நடந்தது. விசாரணை அதிகாரி எழுதி, எதிரியிடம் கையெழுத்து வாங்கிய வாக்குமூலக் கட்டுகளை நீதிபதிகள் தங்கள் அறையில் படித்துத் தீர்ப்பு எழுதினார்கள். மளிகைக் கடைக்காரரிடம் ஆயிரம் பக்கம் கொடுத்து வாசித்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல முடியாதே. ஆகவே சாட்சி நேரில் வந்து பேச வேண்டியதாயிற்று. அரசுத் தரப்பு தன் வழக்கை ஒரு பெரிய தாளில் சுருக்கிக் கொடுக்கக் கற்றுக்கொண்டது. மாதத்துக்கு ஒருமுறை இழுத்துக்கொண்டிருந்த விசாரணை தொடர்ச்சியான நாட்களில் நடக்கத் தொடங்கியது. 2019 ஜூன் முதல், இவ்வகை வழக்குகளில் கைதானவரை விசாரிப்பது முழுவதையும் ஒலி ஒளிப் பதிவு செய்வது கட்டாயம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எது சர்ச்சை, எந்தச் சாட்சி வேண்டும் என்பதையெல்லாம் நீதிபதிகளும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் முன்கூட்டியே கூடித் தீர்த்துக்கொள்கிறார்கள். இந்த முன்தயாரிப்பு பல மாதங்கள் நீள்கிறது, எதிரியோ அதுவரை பெரும்பாலும் காவலில் இருக்கிறார். குடிமக்கள் காண்பது சில நாள் விசாரணையை மட்டும்தான்.

குடிமக்களின் தீர்ப்புக்கு எவ்வளவு எடை என்ற கேள்வி ஒரு சாக்லேட் டப்பா வழக்கில் வந்து நின்றது. மலேசியாவிலிருந்து நரித்தா விமான நிலையத்தில் இறங்கியவரின் பையில் இருந்த சாக்லேட் டப்பாக்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோ போதைப்பொருள் இருந்தது. உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்றார் அவர். சீபா மாவட்ட நீதிமன்றம் 2010-இல் அவரை விடுவித்தது. ஜப்பானில் விடுதலையை எதிர்த்தும் அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யலாம். அந்த மேல்முறையீட்டைக் கேட்பது மூன்று நீதிபதிகள் மட்டுமே. உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. முதல் நீதிமன்றத்தின் முடிவு தர்க்கத்துக்கும் அனுபவ அறிவுக்கும் எந்த இடத்தில் முரண்படுகிறது என்று குறிப்பாகக் காட்ட வேண்டும், காட்டாமல் மாற்றக் கூடாது என்று சொல்லி விடுதலையை நிலைநிறுத்தியது. மாணவர்களோடு வரிவரியாகப் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

தண்டனை விஷயத்தில் அதே உச்ச நீதிமன்றம் கையைச் சற்று இறுக்கிப் பிடித்தது. குழந்தையை அடித்துக் கொன்ற பெற்றோருக்கு அரசுத் தரப்பு கேட்டது பத்து ஆண்டு. ஒசாகாவில் சைபன்-இன் அமர்ந்த நீதிமன்றம் கொடுத்தது பதினைந்து. 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்தைக்குப் பத்தாகவும் தாய்க்கு எட்டாகவும் குறைத்தது. முந்தைய தண்டனைகளிலிருந்து விலகலாம், ஆனால் ஏன் என்று ஏற்கும்படி காரணம் சொல்ல வேண்டும் என்பது அதன் நிலை.

பணி முடித்தவர்களிடம் நீதிமன்றம் கருத்துக் கேட்கிறது. நல்ல அனுபவம் என்று நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் சொல்கிறார்கள். போவதற்கு முன் அவர்களிலேயே ஏறக்குறைய பாதிப்பேருக்கு விருப்பம் இருக்கவில்லை. இன்னொரு பக்கம், 2009-இல் பாதிக்குச் சற்று மேலாக இருந்த விலக்குப் பெறுவோர் விகிதம், பிறகு மூன்றில் இரண்டு பங்காக ஏறியது. போய்வந்தவர்கள் இவ்வளவு திருப்தியாக இருக்கும்போது, போகாதவர்கள் ஏன் ஒதுங்குகிறார்கள்?

வேலைப்பளு ஒரு காரணம். கோரமான படங்களைப் பார்க்க வேண்டுமே என்ற அச்சமும் உண்டு. மனநலம் பாதிக்கப்பட்டதாக ஒருவர் அரசின் மீது வழக்குத் தொடர்ந்த பிறகு, வண்ணப் படத்துக்குப் பதில் கறுப்பு வெள்ளைப் படமோ வரைபடமோ காட்டுவது பெருகியது. ஆனால் இவற்றைவிடப் பெரிய தடை ரகசியக் காப்பு என்றே நினைக்கிறேன். கலந்தாய்வில் யார் என்ன சொன்னார், வாக்கு எப்படிப் பிரிந்தது என்பதை வாழ்நாள் முழுதும் வெளியே சொல்லக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். திறந்த நீதிமன்றத்தில் நடந்ததையும் தன் மனப்பதிவையும் தாராளமாகப் பேசலாம். கோடு எங்கே இருக்கிறது என்று நிச்சயமில்லாததால், பலர் அதைக்கூடப் பேசாமல் வாயை மூடிக்கொள்கிறார்கள். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

யார் எந்தக் கருத்தைச் சொன்னார் என்பது மறைவாகவே இருக்கட்டும். அது இருந்தால்தான் உள்ளே மனம்விட்டுப் பேச முடியும். ஆனால் விவாதம் எப்படி நடந்தது, நீதிபதிகள் தங்களைப் பேச விட்டார்களா, ஐயத்தை எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் பெயர் குறிப்பிடாமல் சொல்ல இடம் தர வேண்டும். சிறைத் தண்டனையைக் காசுக்காக ரகசியத்தை விற்றவருக்கும், பிறருடைய பெயரையும் வாக்கையும் வெளியிட்டவருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சட்டத்தில் மாற்ற வேண்டியது சில வரிகள்தான்.

வணக்கம்.