ஒரு கமா கேக்கை மாத்துமா? சாப், ஸ்லைஸ், டைஸ், மின்ஸ்: ரெசிபி இங்கிலீஷ்

(திரையில்: ரெண்டு அளவுக் கப், பக்கத்துல வால்நட்)

'ஒரு கப் சாப்ட் வால்நட்ஸ்.' 'ஒரு கப் வால்நட்ஸ், கமா, சாப்ட்.' ரெண்டும் ஒண்ணுதானேன்னு போட்டா, கேக்குல விழுற பருப்போட எடையே மாறிடும். அந்தக் கமா செய்யுற வேலையைக் கடைசியில பார்ப்போம். முதல்ல 'சாப்'னா என்ன, 'டைஸ்'னா என்னன்னு தெரியணும்.

தமிழ்ல அளவையும் வடிவத்தையும் வினைக்கு முன்னாடி சொல்றோம்: பொடியா நறுக்கு, நீளவாக்குல அரி, வட்டமா வெட்டு. இங்கிலீஷ்ல அது பெரும்பாலும் வினைக்குள்ளேயே இருக்கு. எல்லாத்துக்கும் 'கட்'னு சொன்னா தப்பில்ல, ஆனா எந்த வடிவம்னு கேக்குறவங்களுக்குப் புரியாது.

'சாப்'னா துண்டு துண்டா நறுக்குறது. எல்லாத் துண்டும் ஒரே அளவா இருக்கணும்னு இல்ல. 'ரஃப்லி சாப்ட்'னா பெரிசு பெரிசா. 'ஃபைன்லி சாப்ட்'னா பீன்ஸ் பொரியலுக்கு நறுக்குற மாதிரி பொடியா.

'ஸ்லைஸ்'னா தட்டையான, மெல்லிசான துண்டு. வெள்ளரிக்காய், பிரெட், சிப்ஸுக்கு வாழைக்காய். பிரியாணிக்கு வெங்காயத்தை நீளமா அரியுறோமே, அது 'தின்லி ஸ்லைஸ்ட்'. அந்த இடத்துல 'சாப்' பண்ணிப் போட்டீங்கன்னா பொடித் துண்டு கருகும், பெரிய துண்டு வெள்ளையாவே கிடக்கும்.

இப்போ 'டைஸ்'. இந்த வரிசையிலேயே அழகான வார்த்தை இதுதான். பகடைக்கு இங்கிலீஷ்ல என்ன பேரோ, அதேதான் இந்த வினையும். பகடை மாதிரி ஆறு பக்கமும் சமமா வரணும். ஒரு கேரட்டை எடுத்துக்கோங்க. முதல்ல ஒரு பக்கத்தை லேசா சீவி எடுங்க, பலகையில உருளாம உட்காரும். அடுத்து 6 மில்லிமீட்டர் கனத்துல நீள நீளப் பட்டையா வெட்டுங்க. பட்டைகளை அடுக்கி, அதே 6 மில்லிமீட்டருக்குக் குச்சி குச்சியா வெட்டுங்க. குச்சிகளைக் குறுக்கே திருப்பி இன்னொரு தடவை 6. வந்தாச்சு 'ஸ்மால் டைஸ்'. 'மீடியம்'னா சுமார் 12 மில்லிமீட்டர், 'லார்ஜ்'னா கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். நடுவுல வந்த அந்தக் குச்சி 3 மில்லிமீட்டர் கனத்துல இருந்தா அதுக்குப் பேரு 'ஜூலியன்', நூடுல்ஸ்ல பாக்குற கேரட் அதுதான்! இவ்வளவு கணக்கு எதுக்குன்னா, ஒரே அளவா இருந்தாத்தான் ஒரே நேரத்துல வேகும். இல்லேன்னா சின்னது குழைஞ்சு போற வரைக்கும் பெரிசுக்கு நடுவுல வேகாது. இன்னொண்ணு, 'டைஸ் இன்டு க்யூப்ஸ்'னு சொல்லத் தேவையில்ல. வடிவம் 'டைஸ்'ல ஏற்கெனவே இருக்கு. 'கட்'னு ஆரம்பிச்சாத்தான் 'இன்டு க்யூப்ஸ்' வேணும்.

'மின்ஸ்'னா இருக்குறதுலேயே பொடி. பூண்டு, இஞ்சிக்குத்தான் அதிகம் வரும். பூண்டுல இது ருசியையே மாத்தும். பூண்டோட செல் உடையும்போதுதான் உள்ள தனித்தனியா இருக்குற அல்லின்ங்கிற பொருளும் அல்லினேஸ்ங்கிற நொதியும் சேர்ந்து அல்லிசின்ங்கிற புதுப் பொருள் உண்டாகுது. காரமும் நெடியும் அதனாலதான். பொடியா வெட்ட வெட்ட நெடி ஏறும். 'ஸ்லைஸ்'னு போட்டிருந்தா மெதுவான வாசனைதான் வேணும்னு அர்த்தம், நசுக்கிப் போட்டுடாதீங்க. பிரிட்டிஷ் ரெசிபியில 'மின்ஸ்' பெயர்ச்சொல்லா வந்தா அது கொத்துக்கறி. அமெரிக்காவுல அதையே 'கிரவுண்ட் மீட்'ம்பாங்க.

மத்தது எல்லாம் வேகமா. 'க்ரேட்' துருவுறது, தேங்காய்த் துருவல் 'க்ரேட்டட் கோகனட்'. 'ஷ்ரெட்' நார் நாரா ஆக்குறது: முட்டைக்கோஸ், வெந்த சிக்கன். 'ஸ்கோர்' மீன்ல மசாலா இறங்க மேலாகக் கீறுறது. 'கார்வ்' வெந்த முழு இறைச்சியை அறுத்துப் பரிமாறுறது. 'பீல்'ல மட்டும் தமிழ் ஜெயிக்குது: உருளைக்கிழங்கைச் சீவுவோம், வாழைப்பழத்தை உரிப்போம். அவங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே 'பீல்'தான்.

உச்சரிப்புல நிறைய பேர் தடுமாறுற இடம்: 'சாப்பெட்', 'ஸ்லைசெட்' கிடையாது. 'சாப்ட்', 'ஸ்லைஸ்ட்'. 'க்ரேட்', 'ஷ்ரெட்' ரெண்டும் t, d ஓசையில முடியுறதால அங்க மட்டும் கூடுதல் அசை வரும்: 'க்ரேட்டட்', 'ஷ்ரெடட்'. 'கட்' இறந்த காலத்துலயும் 'கட்'தான்.

(திரையில்: தராசு)

சரி, கமா. 'சாப்ட்' முன்னாடி வந்தா, நறுக்கின பிறகு கப்புல அளக்கணும். கமாவுக்குப் பின்னாடி வந்தா, முதல்ல அளந்துட்டு அப்புறம் நறுக்கணும். முழுசா உடைக்காத வால்நட் பாதிகள் ஒரு கப் சுமார் 100 கிராம். நறுக்கினது இடைவெளி இல்லாம இறங்குறதால சுமார் 115 கிராம் பிடிக்கும். கொத்தமல்லித் தழையில வித்தியாசம் இன்னும் அதிகம். மைதா மாவுல தலைகீழ்: சலிச்சா காத்து ஏறி உப்பும், அதனால சலிச்சு அளந்தா மாவு குறையும். சலிச்சு அளக்கச் சொன்ன இடத்துல அளந்துட்டு சலிச்சீங்கன்னா மாவு கூடி கேக் இறுகிடும். கிராம்ல குடுத்திருந்தா இந்தக் கவலையே இல்ல. தராசு வாங்கிடுங்க, நிஜமாவே சொல்றேன்.

உங்களுக்கு ஒரு கேள்வி: பச்சை மிளகாயை நுனியில மட்டும் கீறி, காம்போட முழுசா எண்ணெயில போடுறோமே, அதுக்கு 'ஸ்லைஸ்', 'ஸ்லிட்', 'ஸ்கோர்', இந்த மூணுல எது? விடையைக் காரணத்தோட கமென்ட்ல எழுதுங்க.