ஃபால்ஸ் பஸ்ஸுக்கு எத்தனை கிரெடிட்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்ட என் வகுப்புத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பரிமாற்ற மாணவராக வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: அதிகம் கற்றுத்தருவது வகுப்பறையா, வகுப்பறைக்கு வெளியேயா?" இதுதான் தலைப்பு. வெளியேதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ஆய்வுக்கூடம், பேராசிரியர், பாடத்துக்குப் பாடம் கிடைக்கும் கிரெடிட் என்று அடுக்கினார். நானும் ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் ஒரு குளிர்கால செமஸ்டர் படித்துவிட்டு வந்தவள்தான். அதனால் அவர் விட்ட கிரெடிட்டிலேயே தொடங்குகிறேன்.

கிளம்பும் முன் 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் என்ன இருக்கும்? அங்கே படிக்கப்போகும் இந்தப் பாடம் இங்கே இருக்கும் இந்தப் பாடத்துக்குச் சமம் என்று இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் ஒப்புதல் தருவார்கள். ஐயா, இரண்டு வகுப்பும் சமம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தானே விமானம் ஏறுகிறோம்! சமமான ஒன்றுக்கு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறப்பது எதற்கு? சமமில்லாதது எது என்று பாருங்கள். அது தாளில் இருக்காது.

சரி, கணக்கும் போட்டுவிடலாம். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுப்பாடம், பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். எதிரணிக்குத் தாராளமாகவே தருகிறேன்: 900 மணி. ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 4,370 மணி. எட்டு மணி நேரத் தூக்கத்தையும் கழியுங்கள். இன்னும் 2,000 மணி நேரம் மிச்சம். அந்த 2,000 மணி நேரமும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தேன்?

முதல் நாளைச் சொல்கிறேன். சனிக்கிழமை ராத்திரி போய் இறங்கினேன். காலையில் பசி. கீழே வந்தால் தெருவே அடைத்துக் கிடக்கிறது. ஏதோ பந்த் போலிருக்கிறது, எந்தக் கட்சி என்றுதான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டமாம். ரயில் நிலையக் கடை மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. பக்கத்து அறை ஸ்பெயின்காரப் பெண் சிரித்தாள். "வா, ஃபால்ஸ் போகலாம், அந்த ஊரில் கடை திறந்திருக்கும்" என்றாள். பஸ் ஏறினோம். கொஞ்ச நேரத்தில் என் போனில் 'நெதர்லாந்துக்கு நல்வரவு' என்று குறுஞ்செய்தி. செக்போஸ்ட் இல்லை, கொடி இல்லை, டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரிசி வாங்க இன்னொரு நாட்டுக்கு டவுன் பஸ்ஸில் போய்விட்டேன் ஐயா!

அந்தக் கடையில் 'கார்னமெல்க்' என்று ஒரு பெட்டி. மெல்க் என்றால் பால்தானே என்று வாங்கி வந்து காபியில் ஊற்றினேன். திரிதிரியாகப் போய்விட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தால் மோர்! நம்ம ஊர் மோர்! அன்று மத்தியானமே மோர்க்குழம்பு. ஸ்பெயின்காரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஐரோப்பாவுக்குள் எல்லை திறந்திருப்பது பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அந்த விடை எனக்கு அன்றைக்கு அந்தப் பஸ்ஸில்தான் புரிந்தது.

அடுத்து, பொதுச் சமையலறை. ஒரு நாள் என் குக்கர் மேல் சீட்டு ஒட்டியிருந்தது: "இதைக் கழுவவும். நன்றி." எழுதியவள் ஜெர்மன்காரி. எனக்கு வந்த ரோஷம் இருக்கிறதே! அம்மாவுக்குப் போன் போட்டு அழுது, இரண்டு நாள் அவளோடு பேச்சை நிறுத்தினேன். மூன்றாம் நாள் அவளே கதவைத் தட்டி, "கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகலாமா?" என்கிறாள். நான் கோபமாக இருந்ததே அவளுக்குத் தெரியாது! சொல்ல வேண்டியதைச் சொன்னாள், முடிந்தது. நானோ சொல்லாமலே அவள் புரிந்துகொள்ள வேண்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அடுத்த வாரம் நானும் முதல்முறையாகத் துணிந்து சொன்னேன்: "உன் சைக்கிளை என் கதவுக்கு முன்னால் நிறுத்தாதே." "சரி" என்று எடுத்துவிட்டாள். இதற்கு எந்தப் பேராசிரியர் வகுப்பு எடுத்தார்?

எதிரணியில் ஒரு நல்ல வாதம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே பெரும்பாலான விரிவுரைகளில் வருகைப் பதிவு கிடையாது. இன்டர்னல் மார்க் என்ற தள்ளுவண்டியும் பல பாடங்களில் கிடையாது, ஒரே பரீட்சைதான். அது பொறுப்பைக் கற்றுத்தருகிறது என்றார்கள். உண்மை. ஆனால் டிசம்பரில் ஆகனில் எட்டரை மணிக்குத்தான் விடியும். எட்டரை மணி வகுப்புக்கு இருட்டில் போர்வையை உதறி எழுவது எங்கே நடக்கிறது? கட்டிலில். கட்டில் எந்த அணியில் இருக்கிறது ஐயா?

கடைசியாக, எதிரணித் தலைவர் பெருமையோடு சொன்ன எராஸ்மஸ் திட்டம். 1987-ல் தொடங்கியது, ஐரோப்பாவின் பேர்போன மாணவர் பரிமாற்றம். அந்தப் பேருக்குரிய எராஸ்மஸ் என்ற நெதர்லாந்து அறிஞர் 1495-ல் பாரிஸுக்குப் படிக்கப் போனவர். முப்பது வருஷம் கழித்து, அங்கே தான் தங்கிய கல்லூரி விடுதியைப் பற்றி எழுதியபோது எதை எழுதினார் தெரியுமா? அங்கே போட்ட அழுகிய முட்டையை! அவ்வளவு பெரிய அறிஞருக்கே நெஞ்சில் நின்றது சாப்பாட்டுக்கூடம்.

இன்னொன்று. இந்தத் திட்டத்தில் போய்ச் சந்தித்துச் சேர்ந்த ஜோடிகளுக்குப் பத்து லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கலாம் என்று 2014-ல் ஐரோப்பிய ஆணையமே ஒரு மதிப்பீடு சொன்னது. அதெல்லாம் தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் நடந்தது என்று எதிரணி வாதாடினால் நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். நான் அங்கே படித்த பாடங்களையெல்லாம் திரும்பி வந்ததும் நம் கல்லூரியில் கிரெடிட் போட்டு ஏற்றுக்கொண்டார்கள், மகிழ்ச்சி. ஃபால்ஸ் பஸ்ஸுக்கும் அந்தக் குக்கர் சீட்டுக்கும் மட்டும் இன்னும் யாரும் கிரெடிட் போடவில்லை. அதை நீங்கள் போடுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.