சேர்ந்து போகும் மிதிவண்டி உலா: காத்திருப்பதைத் திட்டமிடுதல்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

பந்தயமாக இல்லாமல், பேசிக்கொண்டும் வழியில் உள்ளவற்றைப் பார்த்துக்கொண்டும் பலர் சேர்ந்து மிதிவண்டியில் போய்வரும் உலாவை எப்படி ஒழுங்கு செய்வது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அத்தகைய உலாவுக்கு வருபவர்கள் ஒரே திறத்தவராக இருப்பதில்லை. வாரந்தோறும் 100 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவரும் வருவார். பள்ளிப் பருவத்துக்குப் பிறகு போன மாதம்தான் மீண்டும் மிதிவண்டியில் ஏறியவரும் வருவார். மெல்லிய டயர் கொண்ட பந்தய வண்டியும் வரும், முன்கூடை வைத்த கனமான வண்டியும் வரும். இவர்களை ஒன்றாக அழைத்துச் செல்ல முன்வருபவர் முதலில் கேட்பது, எந்த வேகத்தில் போகலாம் என்பதைத்தான். அதற்கு விடை வேண்டியதுதான். ஆனால் எங்கே காத்திருப்பது, யார் காத்திருப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது ஆகிய மூன்றையும் புறப்படுமுன்பே முடிவு செய்துவிட்டால், வேகத்தைப் பற்றிய மனத்தாங்கல் பெரும்பாலும் எழுவதே இல்லை என்பது உலாக்களை நடத்தியதில் நான் கண்ட உண்மை.

காத்திருப்பது ஏன் தவிர்க்க முடியாதது என்பதைச் சற்றுக் கணக்கோடு பார்க்கலாம். சமதரையில், நடுத்தர வேகத்தில் ஓட்டும்போதே, நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்குச் செலவாகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாக ஓட்டுகிறவரை 25 கிலோமீட்டருக்கு இழுத்தால், கூடியது வெறும் 5 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் காற்றை எதிர்த்து அவருடைய கால்கள் தர வேண்டிய திறன் ஏறக்குறைய இரு மடங்காகிவிடுகிறது. கொஞ்சம்தான் கூட்டினேன் என்று முன்னால் போகிறவர் சொல்வது உண்மை. பின்னால் வருகிறவருக்கு மூச்சு முட்டுவதும் உண்மை. இருவரில் எவர் மீதும் குற்றமில்லை என்பதை நடத்துபவர் புரிந்துகொள்ள வேண்டும்.

இதே விதி வேறொரு வகையில் நமக்கு உதவவும் செய்கிறது. ஏறக்குறைய ஒரே எடையுள்ள இருவரில் ஒருவர் மற்றவரைவிட இரு மடங்கு திறனுடன் மிதித்தாலும், சமதரையில் அவருடைய வேகம் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். முன்னால் செல்பவரின் பின்னே காற்று மறைவில் வந்தால் அந்த வேறுபாடும் சுருங்கிவிடும். மேட்டில் நிலைமை வேறு. அங்கே உழைப்பு உடலையும் வண்டியையும் மேலே தூக்குவதற்கே போகிறது, காற்று மறைவால் பெரிய பயனில்லை, இரு மடங்கு திறனுடையவர் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் ஏறிப் போய்விடுவார். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் 3 கிலோமீட்டர் ஏற்றத்தை ஒருவர் 12 நிமிடங்களில் ஏறி முடிக்க, மற்றவருக்கு 20 நிமிடங்களுக்கு மேல் ஆவது முற்றிலும் இயல்பானது. எனவே சமதரையில் சேர்ந்து போவது முடியும். ஏற்றத்தில் சேர்த்துவைக்க முயன்றால் வலியவர் சமநிலை தடுமாறுமளவுக்கு மெதுவாக ஓட்ட நேரும், மெலியவர் தம்மால் எல்லோரும் தாமதமாகிறார்கள் என்ற பதற்றத்தில் அளவுக்கு மீறி உழைத்துச் சோர்ந்துபோவார். ஏற்றத்தின் அடிவாரத்திலேயே நின்று, அவரவர் வேகத்தில் ஏறலாம், உச்சியில் கூடுவோம் என்று வாய்விட்டு அறிவித்துவிடுவதே இருவருக்கும் செய்யும் உதவி.

வரலாற்றில் இவ்விரு வழிகளுமே முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. இத்தாலியில் 1897-இல் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஒரே பகலில் ஓட்டிச் சென்றவர்களின் முயற்சியைப் பின்பற்றி, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்ச் 1904-இல் பிரான்சில் ஆடாக்ஸ் என்ற நெடுந்தூரப் பயண முறையை அறிமுகம் செய்தார். அதில் குழு சிதறாமல் செல்ல வேண்டும். வேகத்தை நிர்ணயிப்பவர் சாலைத் தலைவர். அவரை முந்த எவருக்கும் அனுமதியில்லை. இன்றும் அந்த மரபைப் பின்பற்றுகிறவர்கள் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் ஒன்றாகச் செல்கிறார்கள். 1921-இல் பாரிஸ் ஆடாக்ஸ் சங்கம் மற்றொரு முறையைத் தொடங்கியது: அவரவர் தம் வேகத்தில் ஓட்டலாம், குறித்த நிலையங்களுக்குக் குறித்த நேரத்துக்குள் வந்துசேர்ந்தால் போதும். அவை வலுவானவர்களுக்காக அமைந்த பயணங்கள். நம் எளிய உலாவின் தூரமும் வேகமும் அவற்றோடு ஒப்பிடத் தக்கவை அல்ல. ஆயினும் சமதரையில் முதல் முறையையும் ஏற்றத்தில் இரண்டாம் முறையையும் கைக்கொண்டால், பல திறத்தார் சேர்ந்த குழுவுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

குழு சிதறுவதற்கு ஏற்றத்தைவிட எளிதில் கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்று உண்டு. அது சாலைச் சந்திப்பு. ஒரு குழுவில் 12 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் செல்பவர் சந்திப்பைக் கடந்து 40 வினாடிகள் கழித்தே கடைசியாக உள்ளவர் கடக்கிறார். அதற்குள் முன்னால் செல்பவர், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், 220 மீட்டர் போய்விட்டிருப்பார். கடைசியில் உள்ளவர் 25 கிலோமீட்டர் வேகத்தில் விரட்டினாலும், குழுவைப் பிடிக்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். நான் முன்பு சொன்ன கணக்குப்படி, அந்தத் தூரம் முழுவதும் அவர் காற்றுக்கு எதிராக ஏறக்குறைய இரு மடங்கு உழைக்கிறார். இப்படி ஒவ்வொரு சந்திப்பிலும், ஒவ்வொரு வளைவிலும், பின்னால் இருக்கிறவருக்கே கூடுதல் உழைப்பு நேர்கிறது. பின்னால் இருக்கிறவர் யார் என்றால், பெரும்பாலும் எல்லோரிலும் வலுக்குறைந்தவர். வரிசை தானாக அமைய விட்டால் இந்த அநீதி நடந்தே தீரும். ஆகவே புதியவரையும் மெதுவாக ஓட்டுபவரையும் வழிநடத்துபவரின் உடனடிப் பின்னே இருத்துங்கள்; வலுவானவர்களைப் பின்னுக்கு அனுப்புங்கள். சந்திப்பைக் கடந்ததும், எல்லோரும் வந்தாயிற்று என்ற குரல் பின்னாலிருந்து எட்டும்வரை, முன்னால் செல்பவர் உருட்டிக்கொண்டு போவதுபோல் மிக மெதுவாகச் செல்லட்டும். இந்த ஒரு பழக்கத்தால் ஒரு குழுவின் இயல்பே மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

உலாவின் தரம் அறிவிப்பிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. எளிய உலா, எல்லோரும் வரலாம் என்று மட்டும் எழுதுவது யாருக்கும் எதையும் தெரிவிப்பதில்லை, ஏனெனில் எளிது என்பது அவரவருக்கு வேறு. மொத்தத் தூரம், ஏற வேண்டிய மொத்த உயரம், சாலை தார்ச்சாலையா மண்பாதையா என்பது, சமதரையில் ஓட்டும் வேகம், நிற்கும் இடங்கள், திரும்பிவந்து சேரும் நேரம், இடையில் களைத்தவர் விலகிச் செல்ல வசதியான இடம் ஆகியவற்றை உள்ளபடியே எழுத வேண்டும். சராசரி வேகத்தைக் குறிப்பிடுகையில் ஓடும்போதுள்ள சராசரியா, நிற்கும் நேரத்தையும் சேர்த்த சராசரியா என்பதைச் சொல்லாமல் விட்டால் குழப்பம் வரும். மணிக்கு 16 கிலோமீட்டர் சராசரியில் 40 கிலோமீட்டர் என்றால் இரண்டரை மணி நேரம் என்று காகிதம் சொல்லும். பல திறத்தார் சேர்ந்த குழுவுக்கு அதை நான் நான்கு மணி நேரம் என்றே திட்டமிடுவேன். மறைப்பதற்கு எதுவும் இல்லாத அறிவிப்பு சிலரை வரவிடாமல் செய்யலாம். ஆனால் வழியில் பாதியில் அழும் நிலைக்கு ஆளாகும் ஒருவரைவிட, அடுத்த முறை வருகிறேன் என்று வீட்டில் இருந்துகொள்ளும் ஒருவர் மேல்.

பாதையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது, புறப்படும் இடத்தை நடுவில் வைத்து இரண்டு வளையங்களாக அமைக்கும் முறை. முதல் வளையம் சிறியது, சமமானது. அதை முடித்ததும் எல்லோரும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவார்கள். போதும் என்பவர் எவ்விதக் கூச்சமும் இல்லாமல் விடைபெறலாம். தொடர விரும்புபவர் மேடுள்ள இரண்டாம் வளையத்துக்குச் செல்லலாம். நேர்பாதையில் போய்த் திரும்புவதாக இருந்தால், போகும்போது எதிர்காற்றும் வரும்போது பின்காற்றும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. களைத்த கால்களுக்கு எதிர்காற்றைத் தரக்கூடாது. பாதையை நடத்துபவர் ஒரு முறையாவது முன்கூட்டியே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், ஏனெனில் பெயர்ந்த சாலையையும், 12 பேர் பாதுகாப்பாக ஒதுங்கி நிற்க இடம் உண்டா என்பதையும் வரைபடம் காட்டாது.

வழிநடத்துபவரைப்போலவே கடைசியில் வருபவரும் முக்கியமானவர். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது என்பது ஒன்றே அவருடைய விதி. அவருக்குப் பாதை தெரிந்திருக்க வேண்டும், பழுது பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். திருப்பங்களில் வழி தவறாமலிருக்க எளிய முறை ஒன்று உண்டு: ஒவ்வொரு திருப்பத்திலும் வழிநடத்துபவருக்கு அடுத்து வருகிறவர் ஓரமாக நின்று, வருபவர்களுக்கெல்லாம் வழி காட்டுகிறார், கடைசியில் வருபவர் வந்ததும் அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்கிறார். அடுத்த திருப்பத்தில் அடுத்தவர் நிற்கிறார். இந்த முறையில் குழு ஒரு கிலோமீட்டர் நீண்டாலும் எவரும் தொலைவதில்லை. நின்றவர் ஓய்வெடுத்துக்கொள்கிறார், வரிசை கலைந்து கலைந்து சேர்வதால் புதுப்புது மனிதர்கள் பக்கத்தில் வந்து பேச்சும் வளர்கிறது.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். வேகமாக ஓட்டுபவர்கள் உச்சிக்கு முதலில் வந்து பத்து நிமிடம் இளைப்பாறுகிறார்கள். கடைசி ஆள் வியர்த்து விறுவிறுத்து வந்துசேர்ந்ததும், எல்லோரும் வந்தாயிற்று, கிளம்பலாம் என்று வண்டியில் ஏறுகிறார்கள். ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. பல ஊக்கமான புதியவர்கள் இரண்டாம் முறை வராமல் போவதற்குக் காரணம் தூரமோ ஏற்றமோ அல்ல, இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து, இறங்கி, தண்ணீர் குடித்த பின்புதான் தொடங்குகிறது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். புறப்படலாமா என்று கேட்பதும் அவரிடமாக இருக்கட்டும். நலமா என்று கேட்டால் நலம் என்றே எவரும் சொல்வார்கள்; நீங்கள் போங்கள், நான் வந்துவிடுவேன் என்பதை நம்பக்கூடாது. அவருக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே ஏதாவது பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி. ஒற்றைச் சொல்லாக வந்தால் குறைக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருகிறவரிடம் பரவாயில்லை என்று சொல்வதைவிட, பக்கத்தில் ஒருவர் உடன்வருவது அதிகம் ஆறுதல் தரும்.

வலுவானவர்களை அடக்கி வைப்பதும் சரியன்று. அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். எதிர்காற்றில் முன்னால் நின்று மறைவு தரலாம். உச்சியை அடைந்தவர் மீண்டும் இறங்கிவந்து, கடைசி ஆளுடன் சேர்ந்து இன்னொரு முறை ஏறலாம். தமக்கு வேண்டிய பயிற்சியும் கிடைக்கும், ஏறுகிறவருக்குத் துணையும் கிடைக்கும். நீண்ட சுற்றுவழி ஒன்றை அவர்களுக்கு ஒதுக்கி, அடுத்த நிறுத்தத்தில் வந்து சேரச் சொல்லலாம். பார்வையற்ற ஒருவர் இருவர் ஓட்டும் வண்டியில் பின்னிருக்கையில் அமர்ந்து மிதிக்க விரும்பினால், முன்னிருக்கைக்கு வலுவும் நிதானமும் உள்ள ஒருவர் தேவைப்படுவார். அதைவிடச் சிறந்த பயன்பாடு ஒரு வலுவான காலுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மின்துணை மிதிவண்டியில் வருபவரை ஏமாற்றுக்காரராகப் பார்க்கும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். முதுமையாலோ நோயாலோ வர முடியாதிருந்தவர்களை அந்த மோட்டார் நம்மோடு சேர்த்துவைக்கிறது. ஏற்றத்தில் அவர் முன்னே பறந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழு 12 பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்து, இடையில் வாகனங்கள் முந்திச் செல்ல இடம் விட வேண்டும். முன்னவரின் பின்சக்கரத்தோடு நம் முன்சக்கரம் பக்கவாட்டில் ஒட்டி நிற்கக்கூடாது. அவர் சற்று விலகினால் விழுவது நாமே. குழி, வாகனம், நிற்கிறோம் என்ற செய்திகளைக் குரலாலும் கையாலும் பின்னுக்குக் கடத்த வேண்டும். இருவர் பக்கம் பக்கமாக ஓட்டலாமா என்பதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபடும். அனுமதி உள்ள இடத்திலும் அகலமான, அமைதியான சாலையில் மட்டுமே அது நல்லது. புறப்படுமுன் ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் டயர்க் காற்றையும் பார்த்துவிடுங்கள். டியூப்களின் அளவும் வால்வும் வண்டிக்கு வண்டி வேறுபடுவதால், அவரவருக்கு உரிய மாற்று டியூப்பை அவரவரே கொண்டுவரச் சொல்வது அவசியம். பம்பும் கருவிகளும் ஒருவரிடம் இருந்தால் போதும். பஞ்சர் ஆனால் குழு முழுவதும் சாலையோரத்தில் கூடி நிற்காமல், உதவுபவர் இருவர் தவிர மற்றவர்கள் பாதுகாப்பான இடம்வரை போய்க் காத்திருக்கட்டும்.

உலா முடிந்ததும் தலைகளை எண்ணுங்கள். வழியில் விலகியவர்கள் வீடு சேர்ந்தார்களா என்று அன்று மாலையே கேட்டறியுங்கள். அடுத்த உலாவின் நாளை எல்லோரும் கலையுமுன்பே அறிவித்துவிடுங்கள். சில உலாக்களுக்குப் பிறகு, எப்போதும் பின்னால் வந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் பாதையைத் தேர்ந்து முன்னால் நின்று நடத்தும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்தச் சந்திப்பில் மெதுவாகப் போக வேண்டும் என்பதை அவர் அறிந்த அளவுக்கு வேகமாக ஓட்டுபவர் எவரும் அறிந்திருக்க மாட்டார்.

நன்றி, வணக்கம்.