பதினெட்டு நாள் துணை வேட்பாளர்

[திரையில்: மயாமி பீச் மாநாட்டு அரங்கு, ஜூலை 1972]

1972 ஜூலை 13. சாயங்காலம் நான்கு மணிக்குள் பெயரைக் கொடுத்தாக வேண்டும். முந்தைய இரவுதான் ஜார்ஜ் மெக்கவர்ன் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகியிருக்கிறார். துணை அதிபர் பதவிக்குத் தன்னோடு யார் நிற்கப்போகிறார் என்பது அவருக்கே இன்னும் தெரியாது.

மாநாட்டில் தனக்கு ஓட்டுப் போடவிருந்த கலிபோர்னியா பிரதிநிதிகளைப் பறிகொடுக்காமல் காப்பாற்றுவதிலேயே அவருடைய ஆட்களின் நேரம் போய்விட்டது. கடைசி நேரத்தில், மறைந்த அதிபர் கென்னடியின் தம்பி செனட்டர் டெட் கென்னடி சம்மதிப்பார் என்ற நப்பாசை வேறு. கென்னடி வரவில்லை. செனட்டர் வால்டர் மாண்டேலும் வேண்டாம் என்றார். பாஸ்டன் மேயர் கெவின் ஒயிட்டின் பெயர் ஏறக்குறைய முடிவானது. அவருடைய சொந்த மாநிலப் பிரதிநிதிகளே முகம் சுளிக்க, அதுவும் கழன்றது.

[திரையில்: தாமஸ் ஈகிள்டனின் படம்]

அப்புறம்தான் ஈகிள்டன். மிசௌரி செனட்டர், கத்தோலிக்கர், வயது 42, தொழிற்சங்கங்களுக்கு வேண்டியவர். காகிதத்தில் எல்லாம் பொருத்தம். ஜாதகம் பார்க்கத்தான் நேரமில்லை. ஒரு போன். மெக்கவர்னின் உதவியாளர் பிராங்க் மான்கீவிச், பழைய சங்கதி ஏதாவது மறைந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் ஈகிள்டன். சில நிமிடங்களில் பேச்சு முடிந்தது.

அந்த இரவு துணை அதிபர் பதவிக்கு ஆளுக்கொரு பெயரை முன்மொழிந்து கூட்டத்தை இழுத்தடித்தார்கள். டிவி தொடரில் வரும் ஒரு பாத்திரத்துக்குக்கூட ஓட்டு விழுந்தது! மெக்கவர்ன் ஏற்புரையைத் தொடங்கும்போது மணி அதிகாலை மூன்றை நெருங்கிவிட்டது. பார்க்க வேண்டிய நாடு தூங்கிக்கொண்டிருந்தது.

[திரையில்: சவுத் டகோட்டா மலைகள்]

ஜூலை 25. பத்திரிகையாளர்களுக்கு விஷயம் கசிந்துவிட்டதால் ஈகிள்டனே வாய் திறந்தார். 1960-க்கும் 1966-க்கும் இடையே மூன்று முறை மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் இருந்திருக்கிறார். மின்அதிர்ச்சி சிகிச்சையும் எடுத்திருக்கிறார். அன்றைய அமெரிக்காவில் இது சாதாரண செய்தி இல்லை. அணு ஆயுதப் பொத்தான் இவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி உடனே கிளம்பியது.

மெக்கவர்ன் என்ன சொன்னார்? ஈகிள்டனை 1,000 சதவீதம் ஆதரிக்கிறேன் என்றார். பெரிய நாளிதழ்கள் விலகச் சொல்லித் தலையங்கம் எழுதின, கட்சிக்குள்ளும் நெருக்கடி. ஜூலை 31 அன்று மெக்கவர்ன் கேட்டுக்கொள்ள, ஈகிள்டன் விலகினார்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பொதுவாக இந்தத் தேர்வை ஓட்டுக் கணக்காகவே பார்க்கிறோம். 1960-இல் ஜான் எஃப். கென்னடி லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார், ஜான்சனின் சொந்த மாநிலமான டெக்சாஸின் 24 தேர்வாளர் வாக்குகள் (அதிபரைத் தீர்மானிக்கும் மாநில வாக்குகள்) கிடைத்தன. அந்த வகைக் கணக்கு. அது பலிப்பதும் உண்டு. ஆனால் என் பார்வையில், அதிபர் ஆவதற்கு முன்பே வேட்பாளர் ஊரறிய எடுக்கும் முதல் பெரிய முடிவு இது. அவர் விசாரித்தாரா, சொன்ன சொல்லில் நின்றாரா என்று மக்கள் பார்க்கிறார்கள். மெக்கவர்னின் முதலீடே நேர்மை. ஈகிள்டனை வைத்திருந்தாலும் அடி விழுந்திருக்கும். ஆறே நாளில் அந்த 1,000 பூஜ்யமானபோது போனது அந்த முதலீடு.

[திரையில்: 1972 தேர்தல் வரைபடம்]

மாற்று ஆளுக்கும் அலைச்சல். கட்சியின் மூத்த தலைவர்களான ஹம்ப்ரி, மஸ்கி எல்லாரும் மறுக்க, கடைசியில் கென்னடி குடும்பத்து மருமகன் சார்ஜென்ட் ஷ்ரைவர் ஒப்புக்கொண்டார். நவம்பர் தேர்தலில் எதிர் வேட்பாளரான அதிபர் நிக்சனுக்கு 49 மாநிலங்கள். மெக்கவர்னுக்கு மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும். சொந்த மாநிலம் சவுத் டகோட்டாகூடக் கைவிட்டது. சரி, ஈகிள்டன் இல்லாமலே தோற்றிருப்பாரா? தோற்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நிக்சன் அவ்வளவு முன்னால் இருந்தார்.

நான்கு வருஷம் கழித்து அதே கட்சியின் அதிபர் வேட்பாளரான ஜிம்மி கார்ட்டர் அவசரப்படவில்லை. சிலரை ஜார்ஜியாவின் பிளெய்ன்ஸில் இருந்த தன் வீட்டுக்கே வரவழைத்து, உட்கார வைத்துப் பேசினார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது, 1972-இல் வேண்டாம் என்ற அதே மாண்டேலை.

இன்னொன்று. அன்று ஜெயித்த ஜோடியில் துணை அதிபரான ஸ்பிரோ அக்னியூ, 1973 அக்டோபரில் வரி ஏய்ப்பு வழக்கில் பதவி விலகினார். ஈகிள்டனையோ, எல்லாம் தெரிந்த பிறகும் மிசௌரி மக்கள் 1974-இலும் 1980-இலும் திரும்பவும் செனட்டுக்கு அனுப்பினார்கள்.